குதிரை போன வழி

ஹோரோவிட்ஸ், ஸாஹ்னி என்ற இருவர் 1978-ல் எழுதிய ஆல்காரிதப் புத்தகத்தை நம் கல்லூரிகள் பலவற்றில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். போன வழி முட்டினால் எங்கே திரும்புவது என்பதுதானே அவன் பிழைப்பும்!

சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதபடி வைக்க வேண்டும். 64 கட்டங்களில் எட்டைப் பொறுக்க 442 கோடி வழிகளுக்கு மேல் உண்டு. வரிசைக்கு ஒரு ராணிதான் என்றால் 1,67,77,216. மேலிருந்து கீழாகவும் ஒன்றே என்றால் 40,320. தேறுபவை 92. இந்தக் குறுகலில்தான் ரசமே இருக்கிறது. திருச்சியில் ஒரு பையன் காட்டிய நோட்டிலோ முடிந்த புரோகிராம் மட்டும் இருந்தது. உருப்போட்டிருந்தான், பாவம்.

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அரங்கனின் பாதுகையைப் பற்றி வேதாந்த தேசிகர் பாடிய பாதுகா ஸஹஸ்ரத்தில் சித்திர பத்ததி என்றொரு பகுதி உண்டு. அதில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துக்களை வரிசைக்கு எட்டாக நாலு வரிசை எழுதி, சதுரங்கக் குதிரை தாவுகிறபடி தொட்டுக்கொண்டே போனால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது. காஷ்மீரத்து ருத்ரடர் 9-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வித்தையைச் செய்திருக்கிறார். ஐரோப்பாவில் ஆய்லர் இதில் இறங்கியது 18-ஆம் நூற்றாண்டில்.

உடனே, கம்ப்யூட்டரே நம்முடையது என்று கிளம்பிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேசிகர் தந்தது விடை. வழி கண்ட விதத்தை அவர் சொல்லவில்லை. கவிக்கு அது அழகு. பாடத்துக்குப் போதாது. அந்தப் பையனின் நோட்டுக்கும் இதே குறைதான். 1823-ல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரு விதி சொன்னார்: அடுத்த தாவலுக்கு எந்தக் கட்டத்தில் வழி மிகக் குறைவோ, அங்கே முதலில் போ. இது கற்பிக்கத் தகுந்த விஷயம். சில சமயம் தவறியும் போகும்; அந்தத் தவறுதலையும் பையன் பலகையில் பார்க்க வேண்டும்.

பரீட்சையில் நான் கேட்பதானால் முதல் சுலோகத்தை மட்டும் கொடுத்து, இரண்டாவதை மறைத்துவிடுவேன். எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாகாத இடத்தில் குதிரை மேலே போகாமல் திரும்ப வேண்டும். எங்கே முட்டினான், எத்தனை கட்டம் பின்வாங்கினான் என்று பையன் எழுதட்டும். பாதி மார்க்கை அதற்கே போட்டுவிடலாம். சமஸ்கிருதம் தெரியாத பையனுக்கு ஒரு தமிழ் வெண்பாவையே இப்படிக் கலைத்துக் கொடுத்தால் போகிறது.