ஐயாயிரத்துக்குக் குறைந்த திருட்டு

பழைய இந்திய தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டில் பொருளின் விலையைப் பார்க்கவில்லை. பறிபோனது நூறு ரூபாயானாலும் போலீஸ் வழக்குப் பதிந்து பிடியாணை இல்லாமலே கைது செய்ய முடிந்தது. ஜாமீன் கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்பமாக இருந்தது. கவனக்குறைவால் ஒருவரைச் சாகடித்தவருக்கோ ஜாமீன் உரிமையாகவே கிடைத்தது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, திருட்டு விஷயத்தில் ஓரிடத்தில் இரக்கம் காட்டியது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறை கிடையாது, சமூக சேவை. நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

சிக்கல், அதோடு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது இந்தத் திருட்டை ஜாமீனுக்குரியதாக்கியதோடு நிற்காமல், போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாகவும் மாற்றிவிட்டது. பேருந்து நிலையத்தில் நாலாயிரம் ரூபாய் போனைப் பறிகொடுத்த கூலித் தொழிலாளி புகார் கொடுத்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விசாரணை தொடங்காது. நாற்பதாயிரம் ரூபாய் போனைத் தொலைத்தவருக்கு இந்த அலைச்சல் இல்லை. திருடியவர் முதல்முறைக்காரரா, பொருளைத் திருப்பித் தருவாரா என்பதெல்லாம் தீர்ப்பு நாளில் தெரியவேண்டியவை. ஆள் யாரென்றே தெரியாத புகார் நாளில் அந்தச் சலுகையை வைத்து வகைபிரிப்பது தலைகீழ் வேலை.

விசாரணைக்கு வந்தாலும் கதை சுருக்கம்தான். 20,000 ரூபாய் வரையிலான திருட்டைச் சுருக்கமுறையில்தான் விசாரிக்க வேண்டும். சிறைத்தண்டனை மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. வேகம் கிடைக்கிறது, சரி. ஆனால் குற்றத்தை மறுப்பவரின் வழக்கில்கூட சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதிந்தால் போதும். மேல்முறையீட்டைக் கேட்கும் அமர்வு நீதிமன்றம் சாட்சியை நேரில் பார்ப்பதில்லை. கீழ்க்கோர்ட்டின் பதிவை வைத்தே எடைபோடுகிறது. குறுக்கு விசாரணையில் சாட்சி எங்கே தடுமாறினார் என்பது அந்தச் சாரத்தில் விடுபட்டால், மேல்முறையீடு பெயருக்குத்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கோ தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே எதிர்க்க வழி. வக்கீல் வைக்க முடியாதவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவே ஒப்புக்கொள்கிறார்கள் என்பது கோர்ட் வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதி நன்மை, பறிகொடுத்த ஏழைக்கு முழு நட்டம் என்பதே என் கணக்கு. சமூக சேவையும் ஜாமீன் உரிமையும் நிற்கட்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டையும் போலீஸ் நேரடியாக விசாரிக்கும்படி அட்டவணையின் அந்த ஒரு வரியை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.