லண்டை: தலைப்புக்குள் அடங்காத சிரிப்பு

பட்டாணியர் என்றதும் துப்பாக்கியும் தலைப்பாகையும்தான் நம்மவருக்கு நினைவில் எழுகின்றன. அவர்தம் பெண்கள் பாடும் ‘லண்டை’ வேறு கதை சொல்கிறது. ஈரடிப் பாடல், முதலடியில் 9 அசை, அடுத்ததில் 13. பாடியவள் பெயர் இராது. வாய்மொழிப் பாடல் எல்லாம் அப்படித்தானே என்று கடந்துவிட முடியவில்லை. மானத்தின் பேரால் கொலையும் நிகழும் சமூகத்தில் பெயரின்மையே அவளுக்குக் காவல்.

இப்பாடல்களைத் தொகுத்த சையித் பஹாவுத்தீன் மஜ்ரூஹ் 1988இல் பெஷாவரில் சுட்டுக் கொல்லப்பட்டார். (காரணம் அரசியல், பாடல் அல்ல.) அவரது பிரெஞ்சு நூலின் தலைப்பு ‘தற்கொலையும் பாடலும்’ எனப் பொருள்படும். உழைப்பு பெரிது. தலைப்போடுதான் எனக்குப் பிணக்கு. தன் தலையில் கட்டிவைத்த கிழக் கணவனைக் கேலி செய்பவள், போருக்கு அஞ்சி ஓடிவந்த காதலனுக்கு முத்தம் மறுப்பவள், சாவை நாடுபவளாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீர்த்துறையில் தோழியர் நடுவே உரக்கச் சிரிப்பவளாகவே தெரிகிறாள்.