முன்கூட்டிச் சொல்லுமா மூலக்கூறு?

இரைப்பைப் புற்றுநோயில் பேராபத்து, முதற்கட்டியிலிருந்து பிரிந்துபோய் வேறிடங்களில் குடியேறும் செல்களால் வருகிறது. நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், வயிற்றறையின் உட்சவ்வு ஆகியவை அவை சேரும் இடங்கள். யாருக்கு இப்படிப் பரவும் என்று முன்கூட்டியே காட்டும் மூலக்கூறுகளைத் தேடுவது தேவையான பணியே. ஆனால் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அடிக்கடி வரும் அறிவிப்புகளை அப்படியே ஏற்கலாமா?

இத்துறையில் உறுதியான பகுதி ஒன்று உண்டு. ஈ-காட்ஹெரின் என்னும் புரதம் இரைப்பையின் உட்பரப்புச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறது. தலைமுறைதோறும் இரைப்பைப் புற்றுக்கு ஆளான நியூசிலாந்து மாவோரி குடும்பமொன்றில் இப்புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டிருப்பதை, பாரி கில்ஃபோர்டு குழுவினர் 1998இல் காட்டினர். பிணைப்பு அறுந்த செல்கள் தனித்தனியே சிதறி, இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவுகின்றன. இங்கே காரணமும் காரியமும் கண்ணுக்குத் தெரிகின்றன.

மற்ற அறிவிப்புகளில் பலவற்றுக்கு இந்த வலு இல்லை. சில நூறு நோயாளிகளின் கட்டிகளில் பல்லாயிரம் மரபணுக்களின் செயலை அளக்கிறார்கள். நோய் பரவியவர்களிடமும் பரவாதவர்களிடமும் வேறுபடுபவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பல்லாயிரத்தில் சில தற்செயலாகவே வேறுபடும்! போதாக்குறைக்கு, 'இந்த அளவுக்கு மேல் ஆபத்து' என்ற எல்லைக்கோட்டையும் சில ஆய்வுகளில் விடை தெரிந்த பிறகே வரைகிறார்கள். ஈர்ப்பு முடுக்கம் 980 என்று முன்பே அறிந்துகொண்டு, அதற்கேற்ற ஊசல் அளவீடுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

1965இல் மான்ட்ரியாலில் கோல்டும் ஃப்ரீட்மனும் கண்ட சி.இ.ஏ. புரதம், செரிமான உறுப்புகளின் புற்றுக்கே உரியது எனக் கருதப்பட்டது. பின்னர் அது மார்பக, நுரையீரல் புற்றுகளிலும், புற்றுநோய் இல்லாத புகைபிடிப்போரின் இரத்தத்திலும்கூட மிகுதியாகக் காணப்பட்டது.

'80 விழுக்காடு சரி' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். 100 நோயாளிகளில் 20 பேருக்கு நோய் பரவப்போகிறது என்று கொள்வோம். சோதனை அந்த 20இல் 16 பேரைப் பிடிக்கும். மீதி 80 பேரிலும் 16 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக, ஆபத்து என்று சொல்லப்பட்ட 32 பேரில் பாதிப்பேருக்கு ஆபத்தே இல்லை. தப்பவிட்ட 4 பேரின் நிலை இன்னும் மோசம். 'உங்களுக்குப் பயமில்லை' என்று சொல்லி மருந்துச் சிகிச்சையை நிறுத்திவிட்டால் அவர்கள் கதி என்ன?

கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது, எத்தனை கணுக்களில் நோய் உள்ளது என்பவற்றை நுண்ணோக்கியே சொல்லிவிடுகிறது. புதிய மூலக்கூறு அதற்கு மேல் என்ன சொல்கிறது? வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடமும் அது பலிக்கிறதா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தராத கட்டுரையைப் பாதி வேலை என்றே கொள்ளவேண்டும். நோயாளிகளைத் தேர்ந்த விதத்தையும் எல்லைக்கோடு வகுத்த முறையையும் முழுமையாக வெளியிட வேண்டும் என்று 2005இல் வந்த 'ரீமார்க்' நெறிமுறைகள் கேட்கின்றன.

ஹெர்-2 புரதத்தின் வரலாறு வேறு. அது மிகுந்திருந்த, நோய் முற்றிய 594 பேரைச் சேர்த்து நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளிவந்தது. வழக்கமான மருந்துகளோடு டிராஸ்டுசுமாப் பெற்றவர்களில் பாதிப்பேர் 13.8 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். பெறாதவர்களில் அக்காலம் 11.1 மாதங்கள். பரவலைப் பற்றி ஆரூடம் கூறாவிட்டாலும், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று சொல்ல அப்புரதம் உதவியது.