மிதித்துச் சொல்வதும் அளந்து சொல்வதும்

கோயம்புத்தூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் தகராறு செய்தால் பெரும்பாலான பட்டறைகளில் முதல் சோதனை ஒன்றுதான். மெக்கானிக் சீட்டில் உட்கார்ந்து பெடலை மெதுவாக மிதிப்பார், பிறகு வேகமாக நாலு தடவை. இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்ப்பார். "பம்ப் பண்ணுனா பெடல் ஏறுதுங்க. மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சுங்க." தீர்ப்பு வர ஐந்து நிமிடம் ஆகாது. காலால் நோய் கண்டுபிடிக்கும் இந்த வித்தையை நான் மதிக்கிறேன். ஆனால் ஹைட்ராலிக் கிளட்சுக்கு அது பாதிச் சோதனைதான். மீதிப் பாதியைச் செய்யாததால் நல்ல பாகங்கள் கழற்றி எறியப்படுகின்றன, கெட்டது வண்டியிலேயே இருக்கிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் முழுதாக விலகாவிட்டால் அந்தக் கியரில்தான் முதலில் கரகரப்பு கேட்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் வழுக்கி விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. முதல் கியரில் பெடலை மிதித்தபடியே வைத்திருக்கையில் சில நொடிகளில் கார் தானாக நகர்ந்தால், சிலிண்டருக்குள் ரப்பர் வாஷரைத் தாண்டி அழுத்தம் நழுவுகிறது என்று பொருள். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசிந்திருக்காது. இதையெல்லாம் ஸ்கேனர் சொல்லாது. பெரும்பாலான கார்களின் கம்ப்யூட்டருக்குப் பெடல் மிதிக்கப்பட்டதா இல்லையா என்பது மட்டும் ஒரு சுவிட்ச் வழியாகத் தெரியும். குழாயில் எவ்வளவு அழுத்தம், மறுமுனை எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியாது. லேப்டாப்பைச் செருகிவிட்டு "எர்ரர் எதுவும் இல்லை" என்று சொல்லும் சர்வீஸ் சென்டரைவிட, மிதித்துப் பார்க்கும் பட்டறை எவ்வளவோ மேல்.

இந்தப் பழக்கத்துக்கு இந்த ஊரில் ஒரு பின்னணியும் உண்டு. எஸ். கரிவரதன் மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்துக் கட்டிய ஃபார்முலா மாருதி கார்கள்தான் கோவையில் பந்தய மெக்கானிக்குகளின் ஒரு தலைமுறையையே உருவாக்கின. 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில் ஓட்டித்தான் தொடங்கினார். மாருதி 800-இன் கிளட்ச் கேபிளால் இயங்குவது. கேபிள் நீண்டால் நட்டைத் திருகலாம், பிய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கால் உணர்வதும் கிளட்சில் நடப்பதும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றே. ஹைட்ராலிக்கில் பெடல் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த, எண்ணெய் குழாய் வழியே போய் கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைத் தள்ளுகிறது; அந்த நேரடித் தொடர்பு அறுந்துபோகிறது.

பிரஷர் பிளேட் விலக வேண்டிய தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். குழாயில் ஒரு காற்றுக் குமிழி, மிதிக்கும்போது உப்பும் பழைய ஹோஸ், மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்து வளையும் ஃபயர்வால், தேய்ந்த ஃபோர்க், சூட்டில் நெளிந்த கிளட்ச் பிளேட், இறுகிப்போன பைலட் பேரிங் என எது கெட்டாலும் வண்டிக்காரர் சொல்வது ஒன்றே: கியர் விழ மாட்டேங்குது. கால் எதிர்ப்பை உணர்கிறது, நகர்ந்த தூரத்தை உணர்வதில்லை. ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று வெர்னியரால் அளந்து, அந்தக் காரின் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் வழக்கு பாதி முடிந்துவிடும். தூரம் சரியாக இருந்தால் ஹைட்ராலிக்கில் குற்றமில்லை, கியர்பாக்ஸை இறக்கலாம். குறைந்தால் மாஸ்டரின் வெளிவாயை அடைத்து மிதிக்க வேண்டும். பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு கீழே இருக்கிறது. பீளமேட்டிலும் கணபதியிலும் பம்ப் பாகங்களை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குவரை அளக்கும் லேத் பட்டறைகள் இருக்கும் ஊரில், கார் ஷெட்டுக்குள் மட்டும் வெர்னியர் நுழையாமலிருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

காலை நம்புவதால் அதிக நஷ்டம் வருவது கிளட்ச் வழுக்கும்போது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியதும் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. வழுக்கலைக் கேட்டதுமே "பிளேட் முடிஞ்சுதுங்க" என்பார்கள். பல நேரம் அது உண்மை. ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப ஒரு சிறு துளை உண்டு. பெடல் தண்டுக்கு இடைவெளி விடாமல் பொருத்தினாலோ வாஷர் ஊதிப்போனாலோ அந்தத் துளை மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லை. யாரும் மிதிக்காமலே அழுத்தம் நின்று பிளேட்டைப் பிடிக்கவிடாமல் தடுக்கும். புதுப் பிளேட்டும் அடுத்த மலையில் வழுக்கும். வண்டி சூடாக வழுக்கும்போதே பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். எண்ணெய் பீறிட்டு வந்து பிடிமானமும் திரும்பினால், கோளாறு மேலே இருக்கிறது. இதற்குத் தேவை ஒரே ஒரு ஸ்பேனர்.

வாஷர் ஏன் ஊதுகிறது என்பதில் தவறான எண்ணெய்க்குப் பெரிய பங்குண்டு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்கான ரப்பரில் மினரல் ஆயில் பட்டால் அது உப்பிவிடும். 996 வகை போர்ஷே 911 டர்போவில் கதை தலைகீழ்: அங்கே கிளட்சுக்கு உதவுவது பவர் ஸ்டியரிங்கின் ஹைட்ராலிக் எண்ணெய். அதில் துணை அழுத்தம் போனால் பெடல் தொய்யாது, இறுகும். "பெடல் தொய்ந்தால்தான் ஹைட்ராலிக்" என்ற பட்டறை விதி அந்த வண்டியில் செல்லாது.

சரியான எண்ணெயும் கிழடாகும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் தொட்டி ஒன்றே. பிரேக்குக்கு எண்ணெய் மாற்றுகிறவர்கள் கிளட்ச் குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் 2.1 கிலோமீட்டர் தடத்தில் விரட்டும்போது, சைலன்சர் குழாயை ஒட்டியிருக்கும் ஸ்லேவில் ஆவி கட்டி பெடல் விழும். பிட்டில் ஆறியதும் எழுந்துவிடும். ஆறிய வண்டியை எந்தத் தேர்ந்த கால் மிதித்தாலும் அதில் குறை தெரியாது.

மெக்கானிக்குகளின் பக்கமும் நியாயமுண்டு. ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும் கார்களில் தண்டை அளக்க வழியில்லை, பார்க்கவே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் எட்டும் மாஸ்டரை முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளரும் பாகத்துக்குப் பணம் தருவார், யோசித்த நேரத்துக்குத் தரமாட்டார். அளப்பதற்கென்று பில்லில் ஒரு வரி இருந்தால் பேரம் பேசி அதைத்தான் முதலில் வெட்டுவார். பழுது தவறாகக் கணிக்கப்படுவதில் வண்டிக்காரருக்கும் பங்கிருக்கிறது. ஆனால் ஸ்லேவ் உள்ளே இருக்கும் கார்களிலும் மாஸ்டரை அடைத்து மிதிக்கும் சோதனை செல்லும். புது மாஸ்டரை வாங்குவதற்கு முன் அதைச் செய்துவிடலாம். வெளியே ஸ்லேவ் உள்ள வண்டியில் வேலைக்கு முன்னும் பின்னும் தண்டு நகர்ந்த தூரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை கியர் முரண்டும்போது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க ஒரு எண் கையிலிருக்கும்.