இல்லத்துச் சிரிப்பும் இலக்கிய மதிப்பும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் தமிழுக்கு வாய்த்த தனிப்பேறு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனப் பருவம் பருவமாகக் குழந்தையை வளர்த்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்று நிறைவு செய்வது அதன் மரபு. நம் புலவர் பெருமக்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசச் செல்வர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடி அம்மரபை வளப்படுத்தியுள்ளனர். பாடும் புலவர் தம்மைத் தாயாகப் பாவித்துக் கொள்கிறார். பாடப்படும் குழந்தையோ பாட்டுடைத் தலைவர். ஆதலின் அங்கே காய்ச்சலுக்கும் கவிழ்ந்த மைக்கூட்டுக்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஆனால், மூன்று நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய் ஒருத்தி, தன் வீட்டு அன்றாட அவதிகளைத் தானே எழுதத் தொடங்கினால் அது எப்படியிருக்கும்? அதனை இலக்கியம் என்று ஏற்பதா, அடுப்படிப் பேச்சு என்று ஒதுக்குவதா? இந்த வினா சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் காரசாரமாக எழுந்தது. அவ்வினாவுக்கு இலக்கானவர்களுள் தலையாயவர் ஷெர்லி ஜாக்சன். அவருடைய இரு நூல்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாக்சன் 1916இல் பிறந்தவர்; 1965இல், நாற்பத்தெட்டே வயதில், மறைந்தவர். அவர் பெயரை நாடறியச் செய்தது 1948 ஜூன் 26ஆம் நாளிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வெளிவந்த ‘தி லாட்டரி’ என்னும் சிறுகதை. அமைதியான ஒரு சிற்றூரின் மக்கள் ஆண்டுதோறும் கூடிச் சீட்டெடுக்கின்றனர். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை ஊரே கூடிக் கல்லால் அடிக்கிறது. படித்தவர்கள் திடுக்கிட்டனர், அந்தக் கோடைக்காலத்தில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பரிவோடு எழுதப்பட்டவை மிகச் சில.

அந்தக் கொடுங்கதையை எழுதிய அதே கைதான், 1953இல் ‘லைஃப் அமங் தி சேவேஜஸ்’ என்னும் நூலையும், 1957இல் ‘ரெய்சிங் டீமன்ஸ்’ என்னும் நூலையும் எழுதியது. இரண்டும் வீட்டுக் கதைகள். களம் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர். கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன், பெயர்பெற்ற திறனாய்வாளர், கல்லூரி ஆசிரியர். பிள்ளைகள் நால்வர்: லாரி, ஜேனி, சாலி, பாரி. பழைய பெரிய வீடு, எங்கு பார்த்தாலும் புத்தகங்கள், பூனைகள், ஒரு நாய். கதைக்கு இவை போதுமா என்று ஐயுறுவோர் நூலைத் திறந்து பார்க்கட்டும்.

தலைப்புகளிலேயே ஆசிரியரின் குறும்பு புலப்படுகிறது. முதல் தலைப்பு ‘காட்டுவாசிகளிடையே வாழ்க்கை’ என்று பொருள்படும். மொழியறியாத கூட்டத்தாரிடையே சென்று தங்கி அவர்தம் பழக்கவழக்கங்களைக் குறித்துக் கொள்ளும் பயணியைப் போலத் தாய் தன் பிள்ளைகளிடையே வாழ்கிறாள் என்பது குறிப்பு. இரண்டாம் தலைப்பில் வரும் ஆங்கில வினைச்சொல்லுக்குப் பிள்ளைகளை வளர்த்தல் என்றும் பொருள், பேய்களை வரவழைத்தல் என்றும் பொருள். பேய்க்கதை எழுதுவதிலும் வல்லவரான ஆசிரியர், இரண்டு வேலையும் ஒன்றே என்கிறார் போலும்! நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் மழைநாளொன்றைக் கழித்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

முதல் நூலில் இடம்பெற்றுள்ள ‘சார்ல்ஸ்’ என்னும் பகுதியை எடுத்துக் கொள்வோம். மூத்தவன் லாரி மழலையர் பள்ளியில் சேர்கிறான். நாள்தோறும் பகலுணவுக்கு வீடு திரும்பும்போது, சார்ல்ஸ் என்னும் முரட்டுப் பையனைப் பற்றி ஒரு செய்தி கொண்டு வருகிறான். சார்ல்ஸ் ஆசிரியையை அடித்தான், சார்ல்ஸ் கூச்சலிட்டான், சார்ல்ஸைத் தண்டித்தார்கள். நாளடைவில் அப்பெயர் வீட்டு வழக்காகவே ஆகிவிடுகிறது. யாரேனும் எதையேனும் கொட்டினாலும் உடைத்தாலும் ‘சார்ல்ஸ் வேலை’ என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவள் எப்படியிருப்பாள் என்று காணத் தாய்க்குத் தீராத ஆவல். பெற்றோர் கூட்டத்துக்குப் போக எண்ணினால் கைக்குழந்தைக்குச் சளி பிடித்துத் தடை நேர்கிறது. ஒருவழியாக அடுத்த கூட்டத்துக்குப் போய், ஆசிரியையிடம் சார்ல்ஸைப் பற்றிக் கேட்கிறாள். தம் வகுப்பில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளையும் இல்லை என்கிறார் ஆசிரியை.

அவ்வளவுதான், கதை முடிந்தது. ‘ஆகவே, பெற்றோர்களே!’ என்று தொடங்கும் ஓர் அறிவுரையோ, தாயின் முகம் வாடியது என்னும் வருணனையோ இல்லை. சிரிப்பு யார்மீது விழுகிறது என்று பாருங்கள். பொய் சொன்ன பையன்மீது அன்று. ஊரான் பிள்ளையின் குற்றத்தை நாள்தோறும் சுவைத்துக் கொண்டிருந்த பெற்றோர்மீதே அது விழுகிறது. நகைச்சுவை எழுதுவோர் பலர் பிள்ளையின் மழலையைக் காட்டி எளிதாகக் கைதட்டல் வாங்குவர். தன் குருட்டுத்தனத்தைத் தானே காட்டிச் சிரிப்பதற்குத் துணிவு வேண்டும். ஜாக்சனிடம் அது இருக்கிறது.

இன்னொரு பகுதி. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நேரத்தில் சளிக்காய்ச்சலில் விழுகின்றனர். நள்ளிரவில் ஒருவர் படுக்கையை விட்டு இன்னொருவர் படுக்கைக்குப் போகிறார். அங்கே இருந்தவர் வேறொன்றுக்குப் போகிறார். நாயும் இடம் மாறுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் தலையணை, போர்வை, தண்ணீர்க் குவளை, மருந்து ஆகியவற்றைத் தூக்கிக் கொண்டே அலைகின்றனர். ஆசிரியர் இதனை ஒரு கணக்குப் புதிர் போல, உணர்ச்சி கலவாத குரலில், எந்தப் பொருள் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போயிற்று என்று வரிசை பிசகாமல் சொல்லிச் செல்கிறார். விடிந்து கணக்குப் பார்த்தால் ஒரு போர்வையைக் காணவில்லை! அது எங்கே போயிற்று என்பதுதான் புதிர்.

இதில் இலக்கியம் எங்கே என்று கேட்பவருக்கு என் விடை இது. பிள்ளைகள் நோயுற்ற இரவில் எவர் எத்தனை முறை எழுந்தார், எவர் எங்கே படுத்தார் என்னும் கணக்கு முழுவதும் ஒரே ஒருவர் நினைவில்தான் இருக்கும். அவர் அந்த வீட்டுத் தாய். தானும் காய்ச்சலில் கிடந்துகொண்டே அந்தக் கணக்கை வைத்திருந்தவள் அவள் என்பதை ஆசிரியர் ஓரிடத்திலும் எடுத்துச் சொல்லவில்லை. கதை சொல்லும் முறையே அதனைச் சொல்லிவிடுகிறது. உழைப்பைப் புகழாமலே உழைப்பைக் காட்டுவது உயர்ந்த கலை.

நிற்க. இத்தகைய எழுத்துக்கு எதிராக 1963இல் ஒரு பலத்த குரல் எழுந்தது. பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றான ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ நூலில் பெட்டி ஃப்ரீடன், ‘இல்லத்தரசி எழுத்தாளர்கள்’ என்று ஒரு கூட்டத்தையே குற்றக்கூண்டில் ஏற்றினார். ஜாக்சனின் பெயரும் அதில் உண்டு. எழுத்தைத் தொழிலாகக் கொண்டு வெற்றி பெற்ற இப்பெண்கள், அத்தொழிலை மறைத்து, பிள்ளைகளின் குறும்பிலும் சலவை இயந்திரத்தின் கோளாறிலும் காலங்கழிக்கும் வெறும் இல்லத்தரசிகளாகத் தம்மைக் காட்டிக் கொள்கின்றனர். இவர்கள் சிரித்துத் தள்ளிவிடும் துன்பத்தை, எழுதத் தெரியாத எத்தனையோ பெண்கள் சிரிக்க முடியாமல் சுமக்கின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. இரு நூல்களையும் படித்து முடித்த பின், ‘இந்த அம்மையார் எப்போது எழுதினார்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைப்பது அரிது. சமையல் இருக்கிறது, சலவை இருக்கிறது, பள்ளிக்கு அனுப்பும் பரபரப்பு இருக்கிறது. தட்டச்சுப் பொறியின் ஓசையோ ஏறக்குறையக் கேட்பதே இல்லை. உண்மையிலோ அந்தக் குடும்பத்தின் வருவாயில் பெரும்பங்கு அவ்வோசையிலிருந்துதான் வந்தது. பெண்களுக்கான இதழ்கள் இவ்வீட்டுக் கதைகளுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தன. ‘தி லாட்டரி’ பிறந்த கதையைப் பின்னாளில் ஓர் உரையில் அவரே சொல்லியிருக்கிறார். கடைச் சாமான்களோடு மகளையும் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வருகையில் கரு உதித்ததாம். வீடு சேர்ந்து, குழந்தையை விளையாட்டுக் கூண்டில் விட்டு, காய்கறியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து எழுதினாராம். இந்தத் தள்ளுவண்டி அந்த இரு நூல்களிலும் இடம்பெற்றிருந்தால், படித்த தாய்மார்களுக்கு எத்துணை ஊக்கமாக இருந்திருக்கும்! அது மறைந்ததனால், சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் சமாளிக்கும் ஒரு பெண்ணின் சித்திரம் மட்டுமே எஞ்சியது. அதைப் பார்த்துத் தம்மை நொந்துகொண்ட பெண்களும் இருந்திருப்பார்கள். இந்த அளவில் ஃப்ரீடன் சொன்னது சரி.

எனினும் அவர் ஒன்றைக் கவனிக்கத் தவறினார் என்றே கருதுகிறேன். முதல் நூலில் மூன்றாம் பேற்றுக்காகத் தாய் மருத்துவமனைக்குப் போகும் காட்சி வருகிறது. மூன்றாவது குழந்தை எளிதாகப் பிறந்துவிடும் என்று கண்டவரெல்லாம் அவளுக்குச் சொல்லியனுப்புகின்றனர். வலியோடு நிற்பவளிடம் எழுத்தர் பதிவேட்டை வைத்துக்கொண்டு விவரம் கேட்கிறார். தொழில் என்ன என்று வினவ, எழுத்தாளர் என்கிறாள். இல்லத்தரசி என்று திருத்துகிறார் எழுத்தர். அவள் மீண்டும் எழுத்தாளர் என்கிறாள். எழுத்தரோ இல்லத்தரசி என்றே எழுதிவிடப் போவதாகச் சொல்லி மேலே செல்கிறார். படிப்பவர் சிரிப்பர்; சிரித்து முடித்தபின் நெஞ்சில் ஒரு முள் தைத்திருக்கும். ஃப்ரீடன் ஒரு நூல் முழுவதும் வாதாடிய வழக்கை, அவருக்குப் பத்தாண்டு முன்னரே, ஜாக்சன் சில வரிகளில் சாட்சியாகப் பதிந்துவிட்டார். வழக்குரைஞர் சாட்சியையே குற்றவாளி என்று எண்ணிவிட்டார்!

நூல்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் நூலில் சில இடங்களில் சிரிப்பு வாய்பாடாகிவிடுகிறது. நாணயம் சேர்க்கும் கணவர் பல பக்கங்களில் நிழற்படமாகவே நிற்கிறார். அவர் ஏன் உதவவில்லை என்று நூல் கேட்பதில்லை. மிதிவண்டியில் சென்ற லாரி காரில் அடிபட்டு மருத்துவமனை சென்று மீளும் நிகழ்ச்சியில், அடிபட்ட பெருமையோடு திரும்பும் பையனை நன்றாகக் காட்டுகிறார்; பெற்றவள் மனம் பட்ட பாட்டின்மீது திரை விழுந்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியரின் மனைவியாக வாழும் நிலை பற்றிய பகுதியில் மட்டும் சிரிப்பில் கசப்பு துலக்கமாகத் தெரிகிறது. அந்தப் பகுதியே அந்நூலில் சிறந்தது என்பது என் துணிபு. ஆக, வீட்டு நகைச்சுவையை எடைபோடும் அளவுகோல் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. அவதியை மறக்கச் சிரிப்பது ஒன்று. அவதியை மறவாமல் சிரிப்பது மற்றொன்று. முன்னது பொழுதுபோக்கு, பின்னது இலக்கியம். ஜாக்சனின் நூல்களில் இரண்டும் உண்டு, நிலைத்திருப்பது பின்னதே.

இவையெல்லாம் கடல்கடந்த ஊர்ச் செய்திகள் என்று நம் வாசகர்கள் கருதிவிடலாகாது. இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின், அண்டை வீட்டுப் பெண்களோடு அமர்ந்து அன்றைய கூத்துகளைச் சொல்லும் உம்மாவை நம்மில் அறியாதவர் யார்? மாவுப் பானையில் கைவிட்ட சின்னவன், வாப்பாவின் மூக்குக் கண்ணாடியை அரிசிப் பானையில் ஒளித்துவைத்த நடுவிலவள், குற்றம் அனைத்தையும் அண்டை வீட்டுப் பிள்ளைமீது சுமத்திய மூத்தவன் என்று ஒவ்வொருவரையும் குரல் மாற்றி நடித்துக் காட்டி, முக்கியமான சொல்லைக் கடைசிவரை ஒளித்துவைத்துச் சிரிக்கச் செய்வார். ‘சார்ல்ஸ்’ கதையின் உத்தி அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்காமலே கைவந்தது. ஆனால் விடிந்தால் அக்கதை போய்விடும். அவர் காலத்துக்குப் பின் அவர் குரலும் போய்விடும்.

‘எழுதினால் என்ன?’ என்று அவரைக் கேட்பது எளிது. அவர் எழுதுகிற அந்த ஒரு மணி நேரம் சின்னவனை யார் வைத்துக்கொள்வது என்பதே உண்மையான கேள்வி. வாப்பா வைத்துக்கொள்ளலாம், மூத்த பிள்ளைகள் வைத்துக்கொள்ளலாம், மாமியார் மனம் வைக்கலாம். மருத்துவமனை எழுத்தர் பதிவேட்டில் என்ன எழுதினார் என்பதைக் கண்டு நகைக்கும் நாம், நம் வீட்டுப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அதைத் திருத்தும் எழுதுகோல் நம் கையில்தான் இருக்கிறது.