தியான ஏடும் தருமபுரித் தெருவும்

வைகறையில் எழுந்து, விவிலியத்தின் ஒரு பகுதியைப் படித்து, அதன்கீழ் அச்சிடப்பட்டுள்ள சிந்தனையையும் படித்த பின்னரே அன்றாட அலுவலுக்குச் செல்லும் வழக்கம் கிறித்துவ இல்லங்கள் பலவற்றில் உண்டு. 'தின தியானம்' என்பர் சிலர். 'அனுதின மன்னா' என்பர் சிலர். பழைய கிறித்துவ ஊர்களான பி. பள்ளிப்பட்டியும் கோவிலூரும் தருமபுரி மாவட்டத்தில் உள்ளன. சேலத்தினின்று பிரிந்து 1997இல் தனி மறைமாவட்டமே அமைந்த மண் அது.

பகுத்தறிவாளருக்குத் தியான ஏட்டில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. நாள் தவறாமல் படிக்கப்படும் எழுத்து எதுவாயினும் அது மக்களை உருவாக்கும் எழுத்து. நூறு பேர் படிக்கும் காவியத்தை ஆராய்கிறோம். பல்லாயிரவர் படிக்கும் ஒரு பக்கக் கட்டுரையை ஆராயாது விடலாமா?

இத்தகைய எழுத்துக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். வேதியர் என்று அவர் குறித்தது பார்ப்பனரை அன்று. ஊர் ஊராய்ச் சென்று மறைபரப்பிய உபதேசியாரை. பிறருக்குப் போதிப்பவன் தான் எங்ஙனம் வாழ்தல் வேண்டும் என்பதே நூலின் பொருள். உரைநடை அருகியிருந்த காலத்தில் அதைத் துணிந்து கையாண்ட அந்த இத்தாலியரைத் தமிழுலகம் மறவாது. போதனைக்கு முன் ஒழுக்கம் என்னும் அவர் வரிசையையும் நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் அந்த ஒழுக்கம் தெருவைத் தாண்டிற்றா? அந்நாளைய மதுரை மிசனில் உயர்சாதியாருக்கு ஒருவகைக் குருமார், ஒடுக்கப்பட்டோருக்குப் பண்டார சுவாமிகள் என்ற பிரிவினை இருந்தது. நோயுற்ற பறையர் குடிசைக்குள்ளும் குருமார் சென்று ஆறுதல் தரவேண்டுமென்று, போப்பின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். ஒரு குடிசைக்குள் நுழைய ஓர் ஆணை! அந்த ஆணையும் எளிதில் ஏற்கப்படவில்லை. நாற்பதாண்டு வழக்காடிய பின், 1744இல் கண்ட தீர்வு யாது? பறையருக்கெனத் தனிக் குருமார்! நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் நின்றது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டுமென்று நீதிமன்றம் ஏறியவர்களும் கிறித்துவரே. அவர்கள் வீட்டிலும் விவிலியம் இருந்தது.

இனி இன்றைய ஏடுகளுக்கு வருவோம். நடையில் வளர்ச்சி உண்டு. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பரலோக ராஜ்யம் விண்ணரசாயிற்று. தமிழ் மணக்கிறது, மகிழ்கிறோம். கட்டுக்கோப்பும் எளிது: ஒரு வசனம், ஒரு சிறுகதை, ஒரு செபம். ஐந்து நிமிடத்தில் முடியும்.

குறை எங்கே? எந்த வசனத்தையும் உள்ளத்துக்குள் திருப்பிப் பூட்டிவிடும் பழக்கத்தில்! தாகமுற்றோனுக்குத் தண்ணீர் கொடு என்கிறது மத்தேயு நற்செய்தி. அதை 'ஆன்மத் தாகம்' என்று விளக்கி அமைகிறது ஏடு. தருமபுரி வட்டாரத்தில் தாகம் உவமை அன்று. நிலத்தடி நீரில் மிகுந்த புளோரைடு, குழந்தைகளின் பல்லைக் கறையாக்கிற்று; உழைத்தோரின் எலும்பை வளைத்தது. சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் உருவாகி 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்கே அந்த வசனத்துக்கு உரை எழுதிற்று.

பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்லிருக்கை, கந்தை உடுத்தவனுக்குத் தரையா என்று சினந்து கேட்கிறது யாக்கோபின் திருமுகம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஞாயிறு வழிபாட்டில் கத்தோலிக்கக் கோயில்களில் இப்பகுதி வாசிக்கப்படுகிறது. சிந்தனை எழுதுபவர் என்ன எழுதலாம்? 'எல்லாரிடமும் அன்பாயிருப்போம்' என்று எழுதலாம், தவறில்லை, பயனுமில்லை. நம் ஊர்க் கல்லறையில் எத்தனை பாதை, திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது என்று கேட்டு எழுதலாம், அதுவே உரை.

1992இல் வாச்சாத்தியில் பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியராலேயே சிதைக்கப்பட்டனர். தண்டனைத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். 2012 நவம்பர் 7ஆம் நாள், சாதி கடந்த ஒரு மணத்தைக் காரணங்காட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் குருவும் லேவியனும் விலகிச் சென்ற கதையை இயேசு சொன்னது, இப்படிப்பட்ட நாளுக்காக அன்றோ?

சட்டமும் இதில் குற்றமற்றதன்று. 1950ஆம் ஆண்டு ஆணையில் இந்துக்களுக்கு மட்டும் அளித்த பட்டியல் சாதி உரிமை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் விரிந்தது; கிறித்துவருக்கு விரியவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது ஏட்டுச் சட்டம். போகவில்லை என்கிறது சேரி. தினம் எழுதும் ஏடு இதைப் பற்றித் தினமும் எழுதவேண்டா; ஆண்டுக்கு ஒருநாளேனும் எழுதக்கூடாதா?

கிறித்துவர் நடத்திய பள்ளியும் மருத்துவமனையும் ஏழைக்குத் திறந்த கதவுகள். அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். தியானத்தைவிட அந்தக் கதவுகளே சிறந்த உரையாசிரியர் என்பதுதான் நம் வாதம்.

தோழர்களே! மணி ஒலிக்கும் வீட்டைப் பார்த்து நகைப்பது எளிது, பகுத்தறிவு அதுவன்று. கடவுளைப் பற்றி நமக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்கு தீர நாளாகலாம். சாதியைப் பற்றிய வழக்கில் அவர்கள் கையிலுள்ள நூலே நமக்குச் சாட்சி. விழாக்களை வெறுக்கிறேன், நீதி ஆறாகப் பெருகட்டும் என்று ஆண்டவர் சொன்னதாக முழங்கியவர் ஆமோசு. அவர் குருவல்லர், ஆடு மேய்த்தவர். அந்த ஆட்டிடையரின் பக்கத்தைத் திறந்து வைத்துக் கிறித்துவ இளைஞரோடு பேசுங்கள். காலையில் படித்தது மாலைக்குள் தெருவுக்கு வந்ததா என்று கேளுங்கள். நேர்மையாளர் எவரும் அக்கேள்வியைத் தட்டிக்கழியார்.

ஏட்டுக்கும் தெருவுக்கும் உள்ள தொலைவே ஒரு மதத்தின் அளவுகோல். அந்தத் தொலைவு குறையக் குறைய, ஏடு எவருடையதாயினும் நாம் வரவேற்போம்.