ஆள் இல்லாத புல்வெளி

ஆப்பிரிக்க சஃபாரிக்குக் கென்யாவா, தான்சானியாவா, போட்ஸ்வானாவா என்று கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள்தான். கண்ணை மூடினால் அவர்களுக்கு ஒரு படம் தெரிகிறது: குடைபோல் விரிந்த ஒற்றை மரம், பின்னால் ஆரஞ்சுச் சூரியன், புல்லுக்குள் சிங்கம். அந்தப் படத்துக்குள் போக எந்த நாட்டு விசா எடுப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. அலுவலக நண்பன் ஒருவன் இதற்கென்றே எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தான். செலவு, மாதம், பார்க்கக் கிடைக்கும் விலங்குகள் எனப் பதினோரு பத்திகள். "நீதான் புக்கெல்லாம் படிப்பியே, எதுடா பெஸ்ட்?" என்றான். அந்த ஷீட்டில் மனிதர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தப் பத்தியை அவனுக்கு முன்பே வேறு சிலர் அழித்துவிட்டார்கள். அழித்ததில் முக்கியமானது ஒரு நல்ல புத்தகம். பிரச்சினையே அது நல்ல புத்தகமாக இருப்பதுதான்.

ஃபிராங்க்ஃபர்ட் மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு பூசிய ஒரு சிறு விமானத்தில் செரெங்கெட்டிக்கு மேலே பறந்து விலங்குகளை எண்ணினார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தது. 1959 ஜனவரியில் மைக்கேல் ஓட்டிய விமானம் ஒரு கழுகின் மீது மோதி விழுந்து அவர் இறந்தார். கொரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் புதைத்தார்கள். அதே ஆண்டு 'செரெங்கெட்டி சாகக் கூடாது' நூலாகவும் ஆவணப்படமாகவும் வெளிவந்தது. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதை வாசிக்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. ஒரு தகப்பன் மகனை இழந்த இடத்தைப் பற்றி எழுதுகிறான். வில்டபீஸ்ட் கூட்டம் எந்தப் புல்லைத் தேடி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வானத்திலிருந்து வரைபடமாக்கிய உழைப்பு சாதாரணமானதல்ல. ஆனால் வானத்திலிருந்து பார்ப்பவருக்கு மந்தை தெரியும், மேய்ப்பவன் தெரிவதில்லை. தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மனிதர் யாருமே குடியிருக்கக் கூடாது, அந்த மண்ணின் மக்களும்கூட என்பது கிரிமெக்கின் உறுதியான நிலைப்பாடு. நூல் வெளியான அதே காலத்தில்தான் மாசாய் மக்கள் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியது பிரிட்டிஷ் நிர்வாகம். அதன் நியாயத்தை உலகம் கண்ணீரோடு ஏற்றுக்கொள்ள வைத்தது இந்தப் புத்தகம்.

அந்தப் புல்வெளி எப்போதிலிருந்து காலியாக இருந்தது? 1880களின் இறுதியில் இத்தாலியப் படைக்காக எரித்ரியாவில் இறக்கிய மாடுகளோடு ரிண்டர்பெஸ்ட் வந்தது. நம்மூரில் வெக்கை நோய் என்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் பெரும்பகுதி செத்தது, பின்னாலேயே பஞ்சம் வந்தது, மாசாய் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அதற்குப் பிறகு வந்து இறங்கிய ஐரோப்பியர்தான் 'ஆதிகால வனாந்தரம்' என்று வியந்தார்கள். இழவு வீட்டுக்குள் நுழைந்து, எவ்வளவு அமைதி என்று சொல்வதுபோல.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதால் 1960களில் அந்த நோய் அடங்கியது. கன்றிலேயே செத்துக்கொண்டிருந்த வில்டபீஸ்ட்கள் பிழைத்தன. சுமார் இரண்டரை லட்சமாக இருந்த கூட்டம் 1970களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. இன்று ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்கக் கூட்டம் முண்டுகிறதே, அந்த மகா இடப்பெயர்வின் இன்றைய அளவு மாட்டுக்குப் போட்ட ஊசியிலிருந்து வந்தது. மாட்டையும் காட்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்தால் இது புரியவே புரியாது.

ஹெமிங்வேயை வேகமாகத் தாண்டிவிடலாம். 'ஆப்பிரிக்காவின் பசுங்குன்றுகள்' (1935) இடத்தைப் பற்றிய நூலே அல்ல, அடுத்தவன் சுட்ட கூடு மானின் கொம்பு தன்னுடையதைவிட நீளமா என்ற கவலையைப் பற்றியது. குறைந்தபட்சம் அந்தப் பொறாமையை அவர் மறைக்கவில்லை.

கேரன் பிளிக்ஸன் அப்படித் தாண்டக்கூடியவர் இல்லை. 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' (1937) நூலில் மனிதர்கள் இருக்கிறார்கள், பெயரோடு இருக்கிறார்கள். ஃபாராவும் கமாண்டேயும் மறக்க முடியாதவர்கள். அவர்களை அடிக்கடி விலங்குகளோடு ஒப்பிடுவது எரிச்சலூட்டும்தான். ஆனால் பண்ணை கைவிட்டுப் போகும் கடைசிப் பகுதியில், தன் நிலத்தில் 'அனுமதியோடு குடியிருப்பவர்கள்' எனச் சட்டம் சொன்ன கிகூயு குடும்பங்கள் சிதறாமல் ஒரே இடத்தில் வாழ நிலம் கேட்டு அவர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். அது யாருடைய நிலம் என்ற கேள்வியை அவர் முழுசாகக் கேட்கவில்லை, ஆனாலும் கதவு வரை வந்துவிட்டார். 1985இல் வந்த சினிமாவில் மனசில் நிற்பது இந்த அலைச்சல் அல்ல, விமானத்திலிருந்து தெரியும் புல்வெளிதான். மறுபடியும் விமானம்!

பின்யவாங்கா வைனைனா 2005இல் 'கிராண்டா'வில் எழுதிய 'ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி' இந்த மொத்தக் கிட்டங்கியையும் சில பக்கங்களில் கவிழ்த்துவிட்டது. எழுத்தாளருக்கு அறிவுரை சொல்வதுபோல் நடிக்கும் கிண்டல் அது. யானைக்கும் சிங்கத்துக்கும் குணச்சித்திரம் கொடு, மனிதனுக்குக் கொடுக்காதே என்று அவர் குத்தும் இடத்தில் சிரிப்பு தொண்டையில் சிக்கும். பயணத் திட்டம் போடுகிறவர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஆனால் கிண்டல் ஒரு கட்டத்துக்கு மேல் வழி சொல்லாது. எப்படிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தபிறகும் விமான டிக்கெட் எங்கோ ஓரிடத்துக்குத்தான் எடுத்தாக வேண்டும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. திணையில் காலி நிலம் என்று ஒன்று கிடையாது. மரமும் விலங்கும் மட்டுமல்ல, அங்கே வாழ்கிறவரும் அவர் தொழிலும் பறையும் சேர்ந்தால்தான் கருப்பொருள். அந்தக் கண்ணோடு சஃபாரி விளம்பரத்தை வாசித்தால் பாதி காணாமல் போயிருப்பது தெரியும். செரெங்கெட்டியை விட்டு வந்தவர்களுக்கென்றும் சேர்த்து 1959இல் கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவானது. 2022 முதல் அங்கிருந்தும் மாசாய் குடும்பங்களை ஹண்டேனி பக்கம் ம்சோமெராவுக்கு அனுப்புகிறார்கள். விருப்பத்தோடு போகிறார்கள் என்கிறது அரசு, நெருக்கடி கொடுத்துத் துரத்துகிறார்கள் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். மாராவை ஒட்டிய தனிப் பாதுகாப்பு நிலங்களில் கதை வேறு. மாசாய்களின் பட்டா நிலத்தை விடுதிகள் குத்தகைக்கு எடுக்கின்றன, வண்டிகளுக்கு வரம்பு உண்டு, மாடும் முறை வைத்து மேய்கிறது. சொர்க்கம் ஒன்றும் இல்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது, 2020இல் பயணிகள் நின்றதும் குத்தகைப் பணம் ஆட்டம் கண்டது.

என்னைக் கேட்டால் குரூகரின் வடமுனை, பஃபூரி. 1969இல் அங்கிருந்த மகுலேகே மக்களை நிறவெறி அரசு விரட்டிப் பூங்காவோடு நிலத்தைச் சேர்த்துக்கொண்டது. 1998இல் வழக்காடி நிலத்தைத் திரும்ப வாங்கினார்கள். வாங்கியபின் குடியேறவில்லை. காடாகவே விட்டுவிட்டு, விடுதிகளுக்கு அனுமதி கொடுத்து வருமானம் பார்க்கிறார்கள். 'இது எங்கள் நிலம், விலங்குகள் இருக்கட்டும்' என்று நிலத்துக்காரரே முடிவெடுத்த இடம். குரூகரின் தெற்கு அளவுக்குச் சிங்கம் அடிக்கடி கண்ணில் படாது, பறவை நிறைய. லிம்போப்போவும் லுவுவுவும் சேரும் முக்கில் நின்றால் எதிரே ஜிம்பாப்வே, வலப்பக்கம் மொசாம்பிக். கிப்ளிங்கின் யானைக்குட்டிக்கு முதலை இழுத்துத் தும்பிக்கை நீண்டது இதே லிம்போப்போ கரையில்தான். மே முதல் செப்டம்பர் வரை மழை இருக்காது, கொசுவும் குறைவு.